அலியா, டைசனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகமது அலி கடைசியாக ரிங்கில் ஏறியது 1981 டிசம்பரில். மைக் டைசன் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தது 1985 மார்ச்சில். இருவருக்கும் வயதில் 24 வருட இடைவெளி. மோதியிருக்கவே முடியாது. ஆனாலும் குத்துச்சண்டை பேசுகிற இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் மாமா அலி கட்சி, நான் டைசன் கட்சி. பழைய சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் என் கட்சி மாறியது. என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யார் ஜெயிப்பார்?

அலி. ஆனால் சுலபமாக அல்ல. முதல் நான்கு ரவுண்டுக்குள் டைசன் முடித்துவிடும் வாய்ப்பு நிஜமானது. அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ரவுண்டும் அலியின் பக்கம் சாயும். பத்து முறை மோதினால் ஆறோ ஏழோ அலிக்கு என்பது என் கணக்கு.

எந்த அலி? எந்த டைசன்?

இதை முடிவு செய்யாமல் பேசுவதால்தான் பாதி வாக்குவாதம் சண்டையாகிறது. ஒருவர் 1974 அலியை மனதில் வைத்துப் பேசுவார், இன்னொருவர் 1997இல் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த டைசனை வைத்துப் பேசுவார். இரண்டும் பொருந்தாது.

நான் எடுத்துக்கொள்வது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த அலியை. அப்போது அவருக்கு வயது 24. சில மாதங்களிலேயே, 1967இல், வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிபோயின. மூன்றரை வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது பழைய கால்கள் முழுதாகத் திரும்பி வரவில்லை. உலகம் கொண்டாடும் அலி 1970களின் அலி. ஆனால் ஒரு குத்துச்சண்டைக்காரராக அவர் உச்சத்தில் இருந்தது அதற்கு முன்பே.

டைசனுக்கு 1988 ஜூன் 27. அட்லாண்டிக் சிட்டியில், அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் வீழ்த்திய இரவு. வயது 22 நிறையவில்லை. கார்னரில், அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே வீரர் உட்காரும் மூலையில், பயிற்றுநர் கெவின் ரூனி இருந்த காலம் அது. அந்த வருடமே ரூனி விலக்கப்பட்டார். அதற்குப் பிறகு டைசனின் தலையசைவு குறைந்துகொண்டே போனதைப் படங்களில் கண்ணாலேயே பார்க்கலாம்.

உயரம், எடை, கை நீளம்?

அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10 அங்குலம். கை நீளத்தில் அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71. ஆனால் எடையில் டைசன்தான் கனம். ஸ்பிங்க்ஸ் சண்டையில் அவர் சுமார் 218 பவுண்டு, வில்லியம்ஸ் சண்டையில் அலி சுமார் 213. 'பெரிய அலி, சின்ன டைசன்' என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

டைசனின் பாணியில் அப்படி என்ன விசேஷம்? பலம் மட்டும்தானே?

பலம் மட்டும் என்று நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இரண்டு கையையும் கன்னத்தை ஒட்டி உயர்த்திவைத்து, இடுப்பிலிருந்து தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே எதிராளியின் நெஞ்சுக்குள் நுழைகிற பாணி அது. 'பீக்-அ-பூ' என்பார்கள். பயிற்றுநர் கஸ் டி'அமாட்டோ வளர்த்தெடுத்தது. குள்ளமானவன் உயரமானவனை அடிக்க வேண்டுமானால், அவன் ஜாபை (முன்கையை நேராக நீட்டிக் குத்தும் அடியை) தலைக்குப் பக்கத்தில் வழியவிட்டு, அவன் கையை இழுத்துக்கொள்வதற்குள் பக்கவாட்டில் போய் நின்றுவிட வேண்டும். 1986 முதல் 1988 வரை டைசன் இதைச் செய்ததுபோல் கனமான உடம்போடு வேறு யாரும் செய்ததில்லை. விலாவில் வலது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் அடி), உடனே அதே கையால் தாடைக்கு அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் அடி): அந்த இரட்டை அடியில் இரண்டாவது வருவது பலருக்குத் தெரிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அலி இந்தப் பாணியைச் சந்தித்திருக்கிறாரா?

சந்தித்திருக்கிறார். டி'அமாட்டோவின் முதல் ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சன். 1956இல் 21 வயதில் பட்டம் வென்று, மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் என்ற பெயரை வாங்கியவர். முப்பது வருடம் கழித்து, 1986 நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து அந்தப் பெயரைப் பறித்தவர் டைசன். இருவரும் ஒரே பள்ளி. அந்த பேட்டர்சனை அலி 1965இல் 12ஆவது ரவுண்டிலும் 1972இல் இன்னொரு முறையும் நிறுத்தினார்.

ஆனால் இதைப் பெரிய சான்றாக நான் வைக்க மாட்டேன். பேட்டர்சன் டைசனைவிட 20 பவுண்டுக்கு மேல் எடை குறைந்தவர், தாடையும் பலவீனம், 1965 சண்டையில் முதுகுவலியோடு ஆடினார். அலியின் கண்ணுக்கு அந்தப் பாணி புதிதல்ல என்பது மட்டும்தான் இதில் தெரிவது.

சரியான ஒப்பீடு ஜோ ஃப்ரேஸியர். 6 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம், குனிந்து ஆடி வரும் தலை, உயிரை எடுக்கும் இடது ஹூக். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 15ஆவது ரவுண்டில் அலியைத் தரையில் விழவைத்து, மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஃப்ரேஸியர் ஜெயித்தார். டைசன் கட்சிக்காரர்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் இந்தச் சண்டைதான்.

அந்தச் சண்டையை முழுதாகப் பாருங்கள். ஃப்ரேஸியர் ஜெயித்தது ஒரு அடியால் அல்ல. முதல் சில ரவுண்டுகளில் அடி வாங்கிக்கொண்டே வந்தார். ஆறு, ஏழு, எட்டு என்று போகப் போக வேகம் கூடியது. 11ஆவது ரவுண்டில் அலியைத் தள்ளாட வைத்தார். 15இல் விழவைத்தார். அவ்வளவு நேரமும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தார். டைசனிடம் ஃப்ரேஸியரைவிட இரண்டு கையிலும் பலம் அதிகம், வேகம் அதிகம், ஆரம்பமும் அதிரடி. ஆனால் அந்த ஓயாமை அவரிடம் இருந்ததாக எந்தச் சண்டையும் எனக்குக் காட்டவில்லை. அது மட்டுமல்ல, 1971இல் ஃப்ரேஸியர் பிடித்த அலி, நீண்ட தடைக்குப் பிறகு இரண்டே சண்டை போட்டிருந்த அலி. 1966இன் அலியைப் பிடிக்க இன்னும் தூரம் ஓடவேண்டும்.

அலிக்குப் பலவீனமே இல்லையா?

உண்டு, அதுவும் டைசனுக்கு ஏற்ற பலவீனம். அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அடி வரும்போது தலையைப் பின்னால் இழுப்பார். பாடப்புத்தகப்படி இது தப்பு. அவருடைய கண்ணும் காலும் அந்தத் தப்பை மறைத்தன. மறைக்க முடியாதபோது வந்தது எப்போதும் ஒரே அடி: இடது ஹூக். 1962இல் சன்னி பேங்க்ஸ், 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர், 1971இல் ஃப்ரேஸியர். மூன்று பேரும் அவரை விழவைத்தது அதனால்தான்.

கூப்பரின் அடி வந்தது நான்காவது ரவுண்டின் கடைசி வினாடிகளில். மணி அடித்து அலி தப்பித்தார். கார்னரில் அலியின் பயிற்றுநர் ஆஞ்சலோ டண்டி அவருடைய கையுறையில் இருந்த கிழிசலை நடுவரிடம் காட்டிச் சில வினாடி சம்பாதித்தார். அடுத்த ரவுண்டில் கூப்பரின் புருவம் கிழிந்து அலி வென்றார். அதே அடி டைசனிடமிருந்து, ரவுண்டில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கியிருக்கும்போது வந்திருந்தால்? அலி கட்சியில் இருந்துகொண்டே சொல்கிறேன், என்னைத் தயங்க வைப்பது அந்த ஒரு காட்சிதான்.

ஆனால் மூன்று முறையும் அவர் எழுந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 61 சண்டைகளில் அலி முடிக்க முடியாமல் நிறுத்தப்பட்டது ஒரே முறை: 1980இல் லாரி ஹோம்ஸிடம். அப்போது அவருக்கு வயது 38, கார்னர்தான் போதும் என்றது.

ஹோம்ஸ் அலியை அடித்தார், ஹோம்ஸை டைசன் நான்கே ரவுண்டில் அடித்தார். கணக்கு முடிந்ததே?

இந்தக் கணக்கு குத்துச்சண்டையில் ஓடாது. கென் நார்ட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அதே நார்ட்டனை ஜார்ஜ் ஃபோர்மேன் 1974 மார்ச்சில் இரண்டாவது ரவுண்டில் அழித்தார். அதே ஃபோர்மேனை அக்டோபரில் கின்ஷாசாவில் அலி எட்டாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். உங்கள் கணக்கில் இந்த மூவரில் யார் பெரியவர்?

தவிர, டைசனிடம் தோற்ற ஹோம்ஸுக்கும் வயது 38. சண்டையை விட்டு ஒதுங்கி ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. அலி ஹோம்ஸிடம் தோற்றதை வைத்து அலியைக் குறைக்கக் கூடாது என்றால், ஹோம்ஸை வென்றதை வைத்து டைசனை ஏற்றவும் கூடாது.

பஸ்டர் டக்ளஸ் சண்டையை வைத்து டைசனை எடைபோடலாமா?

ஓரளவுக்கு. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. டைசன் சரியாகத் தயாராகாமல் வந்தார், கார்னரில் அனுபவமுள்ளவர்கள் இல்லை, வீங்கிய கண்ணில் ஒத்தடம் கொடுக்கும் இரும்புகூட இல்லாமல் ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். ஆகவே அது 1988இன் டைசன் அல்ல. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் டக்ளஸ் என்ன செய்தார் என்று பாருங்கள். அலியைப் போலவே உயரம், நீளமான கை. ஜாபைக் குத்திக்கொண்டே இருந்தார், பின்னால் வலது கையை அனுப்பினார், நெருங்கியதும் கட்டிப்பிடித்தார், பயப்படவில்லை. எட்டாவது ரவுண்டில் டைசனின் அப்பர்கட்டில் விழுந்தார். எழுந்து, பத்தாவதில் டைசனை நாக்அவுட் செய்தார். அடித்தும் விழாதவனை, விழுந்தும் எழுந்தவனை எதிர்கொள்ள டைசனிடம் இரண்டாவது திட்டம் இல்லை. 1996இல் ஹோலிஃபீல்டிடமும், 2002இல் மெம்ஃபிஸில் லெனாக்ஸ் லூயிஸிடமும் அதேதான் நடந்தது.

டைசனின் நல்ல காலத்திலேயே இதன் நிழல் தெரிகிறது. 1986இல் ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டு நின்றார். 1987இல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டை ஓட்டினார். டோனி டக்கரும் 12 ரவுண்டு முழுதும் நின்றார். மூன்றிலும் ஜெயித்தது டைசன்தான். ஆனால் அந்தச் சண்டைகளின் பின்பாதியில் அவர் அடிகளைக் கோர்ப்பதை விட்டுவிட்டு ஒற்றை அடியைத் தேட ஆரம்பித்தார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒலிம்பிக் தங்கம் வென்ற, 6 அடி 5 அங்குல டைரல் பிக்ஸ் 1987இல் ஜாபும் காலுமாக ஆட வந்தார். டைசன் பொறுமையாகப் பிய்த்து ஏழாவதில் முடித்தார். உயரமும் ஜாபும் இருந்தால் மட்டும் போதாது. அவற்றை 12 ரவுண்டும் காப்பாற்றும் நெஞ்சும் தாடையும் வேண்டும்.

கின்ஷாசாவில் ஃபோர்மேனிடம் செய்ததுபோல் அலி கயிற்றில் சாய்ந்து டைசனைக் களைக்க வைக்கலாமே?

கூடாது! அது தோற்பதற்கான வழி. ஃபோர்மேன் அகலமாக வீசி அடிப்பவர். கயிற்றில் பின்னால் சாய்ந்து, முழங்கையை மூடி வைத்தால் அந்த அடிகள் புஜத்திலும் முழங்கையிலும் விழும். டைசனின் அடி குறுகிய தூரத்தில், கீழிருந்து, இரண்டு கைக்கும் நடுவே மேலே வரும். கயிற்றில் நிற்பவனுக்கு அதிலிருந்து போக இடமில்லை. 1966இன் அலிக்கு அந்தத் தந்திரம் தேவையும் இல்லை. கால் இருந்தது.

12 ரவுண்டா, 15 ரவுண்டா?

இது சின்ன விஷயமல்ல. அலியின் பெரிய பட்டச் சண்டைகள் 15 ரவுண்டுக்கு வைக்கப்பட்டவை. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் டுக் கூ கிம், 14ஆவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகு, உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. 12 ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் பின்தொடர்ந்தன. டைசனின் பட்டச் சண்டைகள் 12 ரவுண்டுக்கானவை. 15 என்றால் அலிக்கு மூன்று ரவுண்டு லாபம். ஆனால் 12இல் கூட என் பதில் மாறாது.

ரவுண்டைவிட நடுவர்தான் முக்கியம் என்பேன். அலி நெருக்கத்தில் எதிராளியின் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்துவார். 1974 ஜனவரியில் ஃப்ரேஸியருடன் நடந்த இரண்டாவது சண்டையில் இதை ஓயாமல் செய்தார், நடுவர் தடுக்கவில்லை என்ற குறை இன்றும் உண்டு. டைசனின் வேலையே நெருக்கத்தில்தான். பிடிப்பதை அனுமதிக்கும் நடுவர் இருந்தால் டைசனின் பாதி ஆயுதம் போய்விடும். பிடித்தால் புள்ளி வெட்டும் நடுவர் என்றால், என் ஆறு-நான்கு கணக்கு ஐந்து-ஐந்தாகும்.

கணினியில் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா?

ஏற்கெனவே செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் மர்ரி வோரனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967இல் வெவ்வேறு காலத்து சாம்பியன்களைக் கணினியில் மோதவிட்டு நேரடி வர்ணனை போல ஒலிபரப்பினார். அதில் அலி பழைய ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்தது. அலி வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக 1969இல் அலியையும், 49 சண்டையில் 49 வென்று ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவையும் நேரிலேயே ஒரு ஸ்டுடியோவில் நிற்கவைத்துப் பல முடிவுகளோடு படம் பிடித்தார்கள். இதற்காக மார்சியானோ எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவருவதற்கு முன்பே, ஆகஸ்டில், விமான விபத்தில் இறந்துவிட்டார்.

1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆவது ரவுண்டில் நாக்அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். இதற்கு மேல் கணினியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் இருவரும் என்ன சொன்னார்கள்?

1989இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதே கேள்வி வந்தது. அலி டைசனின் பலத்தை மதித்தே பேசினார். டைசன் தனக்கு எவ்வளவு கர்வம் இருந்தாலும் இந்த மனிதர் முன்னால் எல்லாத் தலையும் தாழ வேண்டும் என்றார். உலகமே டைசனைக் கண்டு நடுங்கிய வருடத்தில் சொன்னது அது.

டைசன் பல இடங்களில் சொன்ன இன்னொரு கதை. 1980இல் ஹோம்ஸிடம் அலி அடி வாங்கியதைப் பார்த்த 14 வயதுப் பையன் டைசன், டி'அமாட்டோ போட்டுக் கொடுத்த தொலைபேசியில், நான் வளர்ந்ததும் உங்களுக்காக அவரை அடிக்கிறேன் என்று அலியிடமே சொன்னானாம். 1988 ஜனவரியில் ஹோம்ஸ் சண்டைக்கு முன் ரிங்குக்கு வந்த அலி, டைசன் காதில் அதை நினைவுபடுத்தினாராம். இந்த இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நம்ம ஊரில் ஏன் இவ்வளவு பேர் அலி பக்கம்?

அவரை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1980இல் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். 'பரம்பரை' என்று சொல்லும் குழுக்களாகப் பிரிந்து நின்று குத்துச்சண்டை பார்த்த வடசென்னைக்கு அது சாதாரண வருகையல்ல. என் மாமாவின் கட்சியும் அப்படி உருவானதுதான்.

இன்றைய ஹெவிவெயிட்கள் 250, 260 பவுண்டு இருக்கிறார்கள். இருவரையுமே தூக்கிப் போட்டுவிட மாட்டார்களா?

2024இல் ஒலெக்சாண்டர் உசிக், தன்னைவிட மிகவும் கனமான, உயரமான பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃபியூரியை ஒரே வருடத்தில் இரண்டு முறை வென்றார். காலும் ஜாபும் மூளையும்தான் வென்றன. அலியை ஓரங்கட்ட நினைப்பவர்கள் அந்தச் சண்டைகளைப் பார்க்க வேண்டும்.

சரி, அந்தச் சண்டை எப்படி நடக்கும்?

முதல் ரவுண்டில் டைசன் மணியடித்ததும் பாய்வார். அலி இடப்பக்கமாகச் சுற்றுவார், ஜாபை வேகமாகப் போட்டு இழுப்பார். ஒரு விலா அடியாவது விழும், அரங்கம் எழுந்து நிற்கும். இரண்டாவதில் டைசன் சரியாக நுழைவார். மூன்றாவதில் அந்த இடது ஹூக் வரும். அலி விழலாம், விழுவார் என்றே நினைக்கிறேன். எழுந்து டைசனின் பிடரியைக் கட்டிக்கொண்டு அந்த ரவுண்டை முடிப்பார்.

ஐந்தாவதில் டைசனின் தலையசைவு கொஞ்சம் குறையும். அப்புறம் ஜாப் விழ ஆரம்பிக்கும். அலி காதருகே பேசிக்கொண்டே இருப்பார். ஏழில் டைசனின் இடது கண் வீங்கும். ஒன்பதில் ஒற்றை அடிக்குத் தாவுவார், அந்தத் தாவலுக்குள் அலியின் வலது கை நேராக வரும். பதினோராவது ரவுண்டில் நடுவர் நிறுத்துவார்.

டைசன் ஜெயிக்க என்ன செய்ய வேண்டும்?

தலையைத் தேடக் கூடாது. முதல் மூன்று ரவுண்டும் விலாவையும் புஜத்தையும் மட்டும் அடிக்க வேண்டும். அலி பின்னால் சாய்வது தலையைக் காப்பாற்றும், இடுப்பைக் காப்பாற்றாது. கால் நின்ற பிறகு ஹூக். ரூனி கார்னரில் இருந்து இதைக் கத்திக்கொண்டே இருந்தால், டைசன் அதைக் கேட்டால், நான் தோற்றுப்போவேன்.

எந்தச் சண்டைகளைப் பார்த்துவிட்டு வாதத்துக்கு வரலாம்?

அலிக்கு வில்லியம்ஸ் 1966, ஃப்ரேஸியர் 1971. டைசனுக்கு பெர்பிக் 1986, டக்கர் 1987, ஸ்பிங்க்ஸ் 1988. பெர்பிக் சண்டையில் பெர்பிக்கின் கார்னரையும் கவனியுங்கள். டைசன் வருவதை அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் அலியின் பழைய பயிற்றுநர் ஆஞ்சலோ டண்டி.